தீட்டும் மாத்திரையும்

(சேரிப் பெண்கள் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



'பெண்கள் உடல்நலம்'னு எனக்குத் தலைப்பு குடுத்திருக்காங்க. ஒரு மணி நேரத்துல அதப் பேசி முடிக்க முடியாது. அதனால மாத்திரைய மட்டும் எடுத்துக்கிறேன். புள்ள தங்காம இருக்கச் சாப்பிடுறோமே அந்த மாத்திரை ஒண்ணு. அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இன்னொண்ணு இருக்கு. திருவிழா, கல்யாணம், காதுகுத்துன்னா மெடிக்கல்ல போயி 'தள்ளிப்போடுற மாத்திரை குடுங்க'ன்னு மெதுவா கேட்டு வாங்குறோமே, அது. இந்த மாத்திரைகளால சில பொம்பளைங்களுக்கு ரத்தக் குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைஞ்சு போகுது. இது டாக்டருங்களுக்குத் தெரிஞ்சு அறுபது வருஷத்துக்கு மேல ஆகுது. நம்ம தெருவுக்கு இன்னும் வந்து சேரல.

நான் முப்பத்தோரு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. மேடையில பேசிப் பழக்கமில்ல, வார்டுல பேசித்தான் பழக்கம். அதட்டுற மாதிரி இருந்தா கோவிச்சுக்காதீங்க.

நாலாவது வரிசையில எங்க சித்தி மக உக்காந்திருக்கா. பேர் சொல்லக்கூடாதுன்னுட்டா. ஆனா நடந்ததச் சொல்லச் சொல்லியிருக்கா.

2011 ஆடி மாசம். அப்ப இவளுக்கு 38 வயசு. மகனுக்கு டெங்கு வந்து பொழச்சதுக்கு, எங்க காலனி மாரியம்மனுக்கு கரகம் எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டா. ரெண்டாவது வெள்ளிக்கிழமை திருவிழா. அதுக்கு ரெண்டு நாளுக்கு முன்னால இவளுக்குத் தூரம் வர்ற கணக்கு. என்ன செய்யிறது? எல்லாரும் செய்யிறதத்தான் செஞ்சா. பஸ் ஏறி டவுனுக்குப் போயி மெடிக்கல்ல கேட்டா. அங்க நின்ன பையன், 'ஒரு நாளைக்கு மூணு'ன்னு சொல்லி அட்டையக் கிழிச்சுக் குடுத்தான். டாக்டர் சீட்டு கேக்கல. வயசு கேக்கல. வீட்டுல யாருக்காவது கால் வீங்கியிருக்கா, மூச்சு அடைச்சிருக்கான்னு கேக்கல. இவளும் ஒண்ணும் கேக்கல. அந்த மாத்திரைய வாங்குறப்ப கேள்வி கேக்கவா தோணும், பக்கத்துல ஆம்பள நிக்கிறானேங்கிற கவலைதான் இருக்கும்.

காப்பு கட்டியாச்சு. ரெண்டாவது வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. எங்க கரகம் ஊர்த்தெரு வழியா வரக்கூடாதுன்னு ஊர்க்காரங்க மறிச்சுட்டாங்க. அது பஞ்சாயத்து ரோடு, அரசாங்கப் பணத்துல போட்ட தாரு ரோடு. நம்ம ஆளுங்க விடல. போலீஸ் வந்துச்சு. தாலுகா ஆபீஸ்ல சமாதானக் கூட்டம் போட்டாங்க. 'அடுத்த வெள்ளிக்குப் பாத்துக்கலாம்.' அடுத்த வெள்ளி வந்துச்சு, மறுபடி கூட்டம். 'அதுக்கடுத்த வெள்ளி.' இவ கையில காப்பு இருக்கு. அதக் கழட்டவும் முடியாது, காப்போட தூரமாகவும் கூடாது. என்ன பண்ணுவா? மறுபடி மெடிக்கல், மறுபடி ஒரு அட்டை. அவ கணக்குல 24 நாள். ஒரு வேளைகூட விடாம முழுங்கியிருக்கா. நாளைக்கு மூணுன்னா 72 மாத்திரை ஆச்சு.

கடைசியில போலீஸ் காவலோட, காலனிக்குள்ளேயே சுத்தி வந்து கூழ் ஊத்துனாங்க.

அதுக்கு நாலு நாள் முன்னாடியே எனக்குப் போன் பண்ணுனா. 'அக்கா, எடது காலு ஒரு மாதிரி வீங்கிக் கெடக்குது, கெண்டைக்கால்ல புடிச்ச மாதிரி வலிக்குது'ன்னா. நான் நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து படுத்திருக்கேன். 'நின்னுக்கிட்டே வேலை செஞ்சிருப்ப. காலத் தூக்கி வச்சுப் படு, ஒத்தடம் குடு'ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். வார்டுல எத்தனையோ பேருக்கு ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் ஊசி போட்டவ நான். ஒரு காலு மட்டும் வீங்கினா என்ன கேக்கணும்னு எனக்குப் பாடத்துலயே இருந்துச்சு. என் தங்கச்சிகிட்ட நான் கேக்கல. மெடிக்கல் பையன் மேல எனக்குக் கோவம் வர்றப்பல்லாம் இது ஞாபகத்துக்கு வரும்.

காலச் சுளுக்குன்னு நெனச்சு ஒரு கெழவி எண்ணெய் போட்டு உருவி விட்டுச்சு. உறைஞ்ச ரத்தம் உள்ள இருக்கிறப்ப உருவக் கூடாது. பாவம், அந்தக் கெழவிக்கு எப்படித் தெரியும்? அப்புறம் டவுன்ல ஒரு தனியார் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவரு மேசைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தே காலப் பாத்தாரு. தொடல. சாதி காரணமா, கூட்டம் காரணமான்னு எனக்குத் தெரியாது. தொட்டிருந்தா அந்தக் கெண்டைக்கால் மட்டும் சூடா இருந்தது கைக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு டேப் வச்சு ரெண்டு காலையும் அளந்திருந்தா வித்தியாசம் தெரிஞ்சிருக்கும். வலிக்கு ஊசி போட்டு அனுப்பிட்டாரு. கூழ் ஊத்துன மறுநாள் காலையில கொடத்தத் தூக்குறப்ப நெஞ்சுல குத்துது, மூச்சு விட முடியலன்னு சரிஞ்சு விழுந்துட்டா. ஆட்டோ வச்சு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அங்க ஒரு சின்னப் பொண்ணு, பயிற்சி டாக்டரு, மொதல் கேள்வியே அதத்தான் கேட்டுச்சு: 'ஹார்மோன் மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?'

அந்தப் பொண்ணாலதான் இவ இன்னைக்கு நாலாவது வரிசையில உக்காந்திருக்கா. கால்ல ஸ்கேன் எடுத்தாங்க, நெஞ்சுக்கு சி.டி. எடுத்தாங்க. கால்ல உறைஞ்ச ரத்தம் பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருச்சு. ஊசி, அப்புறம் ஆறு மாசம் வார்ஃபரின் மாத்திரை, அதுக்கு ரத்தப் பரிசோதனைன்னு அலைஞ்சா. அந்தக் காலு இன்னைக்கும் சாயங்காலம் ஆனா வீங்கும். தோலு கறுத்துக் கெடக்குது. நாத்து நட இவளால போக முடியல.

இதுல ஒரு நேர்மை வேணும். மாத்திரை மட்டுந்தான் காரணம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எங்க சித்தி, அதான் இவ அம்மா, கடைசிப் புள்ள பெத்தப்ப ஒரு காலு வீங்கி மூணு மாசம் படுத்திருந்தாங்க. 'கால்ல நீர் எறங்கிருச்சு'ன்னு சொன்னாங்க. இப்ப யோசிச்சுப் பாத்தா அதுவும் ரத்தம் உறைஞ்சதாத்தான் இருக்கணும். ரத்தம் சீக்கிரம் உறையிற வாகு சில குடும்பங்கள்ல வழிவழியா வரும். அந்த மாதிரி உடம்புல இந்த மாத்திரை போனா ஆபத்து கூடும். ஒரே ஒரு கேள்வியில தெரிஞ்சிருக்க வேண்டிய விசயம் இது.

உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். கால்ல இருக்கிற கெட்ட ரத்தம் மேல ஏறி இருதயத்துக்குப் போகணும். ஏத்தி விடுறது யாரு? கெண்டைக்கால் சதைதான். நாம நடக்க நடக்க அது சுருங்கி விரிஞ்சு, ஏத்தம் எறைக்கிற மாதிரி ரத்தத்த மேல தள்ளுது. படுத்தே கெடந்தா, பத்து மணி நேரம் பஸ்ல உக்காந்தே போனா, ஆபரேஷனுக்கு அப்புறம் அசையாம இருந்தா ரத்தம் தேங்கும். இன்னொரு பக்கம் ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன். மாத்திரை வயித்துக்குள்ள கரைஞ்சு மொதல்ல ஈரலுக்குப் போகுது. ரத்தத்த உறைய வைக்கிற புரதத்தையும், உறையாம காக்குற புரதத்தையும் செய்யிற எடம் அந்த ஈரல்தான். ஈஸ்ட்ரோஜன் போனதும் உறைய வைக்கிற சரக்கு கூடுது, காக்குற சரக்கு குறையுது. பெரும்பாலான பொம்பளைங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகாது. சிலருக்குத் தேங்குன எடத்துல கட்டியாயிருது. அது கால்ல இருந்தா வீக்கம், நுரையீரலுக்குப் போனா மூச்சடைப்பு, மூளையில இருக்கிற குழாயில ஆனா தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் விழுந்து போறது.

நம்ம ஜனங்க 'ரத்தக்கட்டு'ன்னு சொல்றது வேற, அடிபட்டு நீலம் பாஞ்சு கெடக்குமே அது. பத்துப் போட்டா சரியாயிரும். நான் சொல்றது குழாய்க்குள்ள உறையிறது. இதுக்குப் பத்தும் கெடையாது, உருவுறதும் கெடையாது. பேரு ஒண்ணு போல இருக்கிறதால எத்தனை பேரு வீட்டுலயே ஏமாந்து போறாங்கன்னு வார்டுல பாத்திருக்கேன்.

இந்த மாத்திரை எங்கேர்ந்து வந்துச்சு? இதச் சொல்லாம போக முடியாது. தள்ளிப்போடுற மாத்திரையில இருக்கிற மருந்துக்குப் பேரு நோரெதிஸ்டிரோன். 1951ல மெக்சிகோவுல செஞ்சது. அந்த நாட்டுக் காட்டுல வெளையிற ஒரு வள்ளிக்கிழங்கு சாதிக் கிழங்குலேர்ந்து மூலப்பொருள் எடுத்தாங்க. அதுக்குப் பங்காளி மாதிரி இன்னொரு மருந்த அமெரிக்காக்காரன் செஞ்சான். கிரிகோரி பிங்கஸ், ஜான் ராக்னு ரெண்டு பேரு அதச் சோதிக்க எறங்குனாங்க. அத மனுசங்ககிட்ட சோதிக்கணும். அவங்க இருந்த மாசசூசெட்ஸ்ல கருத்தடைக்கு எதிரா சட்டம் இருந்துச்சு. எங்க போனாங்க? அமெரிக்காவுக்குக் கட்டுப்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்கு. 1956ல ரியோ பியத்ராஸ்ங்கிற எடத்துல ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டிக் குடுத்த குடியிருப்பு. நம்ம குடிசை மாற்று வாரிய வீடு மாதிரின்னு வச்சுக்குங்க. அங்க இருந்த பொம்பளைங்களுக்குக் குடுத்தாங்க. புள்ள தங்காதுன்னு சொன்னாங்க. இது சோதனைன்னு சொல்லல.

அந்தச் சோதனைய அங்க பாத்துக்கிட்ட டாக்டரம்மா பேரு எட்ரிஸ் ரைஸ்-ரே. நூத்துக்கு 17 பேருக்குத் தலைசுத்தல், வாந்தி, தலைவலி, வயித்துவலி வருது, பொதுவா குடுக்கிறதுக்கு இது தாங்காதுன்னு அந்தம்மா எழுதிக் குடுத்தாங்க. அதெல்லாம் மனப்பிரமைன்னு பிங்கஸ் தள்ளிட்டாரு. ஏழைப் பொம்பள தலை சுத்துதுன்னா அது பிரமை! 'இதுங்களுக்கு இதே வேலை, சும்மா நடிக்கும்'னு நம்ம ஊரு ஆஸ்பத்திரியில என் காதால எத்தனை தடவை கேட்டிருக்கேன்.

1960ல அமெரிக்க அரசாங்கம் கருத்தடைக்குன்னு அந்த மாத்திரைக்கு அனுமதி குடுத்துருச்சு. பேரு எனோவிட். அதுல ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம். இன்னைக்கு மாலா-டியில இருக்கிறது 30. அப்ப எவ்வளவு ஊத்திக் குடுத்திருக்கான்னு பாத்துக்குங்க. அடுத்த வருஷமே, 1961ல, இங்கிலாந்துல ஒரு பொம்பளைக்கு நுரையீரல்ல ரத்தம் உறைஞ்சு போனத ஜோர்டன்ங்கிற டாக்டர் லான்செட் பத்திரிகைக்கு எழுதினாரு. அந்தப் பொம்பள யாரு தெரியுமா? ஒரு நர்ஸு. கர்ப்பப்பை நோவுக்காக அந்த மாத்திரையச் சாப்பிட்டவங்க. அதப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நோயாளிங்கள விட்டுட்டு மொதல்ல எங்க சாதியிலதான் கண்டுபிடிச்சிருக்காங்க. நர்ஸு சாதியச் சொல்றேன்.

1968ல இங்கிலாந்து டாக்டருங்க கணக்குப் போட்டு, மாத்திரைக்கும் ரத்த உறைவுக்கும் தொடர்பு இருக்குன்னு நிரூபிச்சாங்க. 1969 கடைசியில, 50 மைக்ரோகிராமுக்கு மேல ஈஸ்ட்ரோஜன் உள்ளதக் குடுக்காதீங்கன்னு அந்த நாட்டுக் குழு சொல்லுச்சு. அதே வருஷம் அமெரிக்காவுல பார்பரா சீமன்ங்கிற பத்திரிகைக்காரம்மா இதப் பத்திப் புத்தகமே போட்டாங்க. 1970 ஜனவரியில அமெரிக்க செனட்ல விசாரணை. செனட்டர் நெல்சன் தலைமை. நிபுணர்னு பேச வந்தவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. மாத்திரையச் சாப்பிட்ட ஒரு பொம்பளையக்கூட சாட்சிக்குக் கூப்பிடல. கேக்க வந்திருந்த பொம்பளைங்க கூட்டத்துலேர்ந்து எந்திரிச்சுக் கத்துனாங்க. ஆலிஸ் வுல்ஃப்சன்னு ஒருத்தங்க, அவங்க தோழிங்க. அந்த ரகளையெல்லாம் டி.வி.யில வந்துச்சு. அந்த வருஷமே மாத்திரை அட்டையோட ஒரு துண்டுச் சீட்டு வைக்கணும், ரத்தம் உறையும் ஆபத்து இருக்குன்னு சாப்பிடுறவங்களுக்கே சொல்லணும்னு உத்தரவாச்சு. இன்னைக்கு அட்டைக்குள்ள மடிச்சு வச்சு வர்ற அந்தச் சீட்டு, பொம்பளைங்க கத்தி வாங்குன சீட்டு. நாம அதப் பிரிச்சுக்கூடப் பாக்குறதில்ல. பாத்தாலும் இங்கிலீசு, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து.

நம்ம பக்கத்துலயும் நடந்துச்சு. 1985ல ஐதராபாத் பக்கத்துல பதான்சேரு. அதே நோரெதிஸ்டிரோன ஊசியா மாத்தி 'நெட்-என்'னு பேரு வச்சு, கருத்தடைக்காக ஏழைப் பொம்பளைங்களுக்குப் போட்டுப் பாக்க ஏற்பாடு ஆச்சு. ஸ்த்ரீ சக்தி சங்கடனா தோழிங்க அங்க போயி, இது சோதனை, இன்ன இன்ன கெடுதி வரலாம்னு விளக்குனாங்க. விளக்குனதும் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஊசி வேணாம்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. 1986ல இத உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போனாங்க. சொன்னா போயிருவாங்கன்னுதான் சொல்லாம வச்சிருக்காங்க.

இதக் கேட்டுட்டு நாளைக்குக் காலையிலேர்ந்து யாரும் மாத்திரைய நிறுத்திராதீங்க. நான் அதுக்காகப் பேசல. இங்கிலாந்துல 1995 அக்டோபர்ல, புது ரக மாத்திரைகள்ல ரத்தம் உறையிறது ரெண்டு மடங்குன்னு திடீர்னு எச்சரிக்கை விட்டாங்க. பயந்துபோயி எத்தனையோ பேரு பாதியில நிறுத்திட்டாங்க. வேண்டாத கர்ப்பமாச்சு, மறு வருஷம் கருக்கலைப்பு ஏறிப்போச்சு. கர்ப்பமானா ரத்தம் உறையிற ஆபத்து மாத்திரைய விட அதிகம். அந்தப் பயம் அவங்களக் கெணத்துக்குப் பயந்து கொளத்துல விழ வச்சிருச்சு.

கணக்கச் சொல்றேன், பொறுமையா கேளுங்க. ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2013ல சொன்னது. மாத்திரை சாப்பிடாத, முழுகாம இல்லாத பொம்பளைங்க 10,000 பேர ஒரு வருஷம் பாத்தா, 2 பேருக்கு இந்த மாதிரி உறையும். லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள மாத்திரை சாப்பிட்டா 5லேர்ந்து 7 பேரு. அரசாங்கம் குடுக்கிற மாலா-என், கடையில விக்கிற மாலா-டி ரெண்டும் இந்த வகைதான். டெசோஜெஸ்ட்ரல், ட்ரோஸ்பைரினோன் உள்ள புது ரகம்னா 9லேர்ந்து 12 பேரு. அமெரிக்காக்காரன் கணக்குல, முழுகாம இருக்கிறப்ப 5லேர்ந்து 20 பேரு, புள்ள பெத்த மொதல் 12 வாரத்துல 40லேர்ந்து 65 பேரு. இதுல ஒரு வேடிக்கை பாருங்க. இலவசமா குடுக்கிற மாத்திரைதான் இந்த விசயத்துல ஆபத்து கொறஞ்சது. முகப்பருவுக்கு, சினைப்பை நீர்க்கட்டிக்குன்னு காலேஜ் போற நம்ம புள்ளைங்களுக்குத் தனியார் டாக்டர் எழுதிக் குடுக்கிற வெலை கூடுன மாத்திரையில பல, ஆபத்து கூடுன ரகம். வெலை கூடுனது ஒசத்தின்னு நெனைக்காதீங்க. எந்த ரகம்னு கேளுங்க.

பத்தாயிரத்துல அஞ்சு பேருதானேன்னு சொல்லுவாங்க. வாஸ்தவந்தான், சின்ன ஆபத்துதான். ஆனா அந்த அஞ்சு பேரு யாருன்னு முன்கூட்டியே ஓரளவு சொல்லிர முடியும். ஏற்கனவே கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்சவங்க, அம்மாவுக்கோ கூடப்பொறந்தவங்களுக்கோ சின்ன வயசுல உறைஞ்சவங்க, ரொம்ப உடம்பு போட்டவங்க, பெரிய ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறவங்க, புள்ள பெத்து மூணு வாரம்கூட ஆகாதவங்க. பால் குடுக்கிறவங்களா இருந்தா ஆறு வாரம். அதுபோக ரத்தக் கொதிப்பு உள்ளவங்க, கண்ணுல பூச்சி பறந்து ஒத்தத் தலைவலி வர்றவங்க, முப்பத்தஞ்சு வயசுக்கு மேல பீடி, சுருட்டுப் புடிக்கிறவங்க. சிரிக்காதீங்க, எங்க அப்பத்தா சுருட்டுப் புடிக்கும். இவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் வர்ற ஆபத்து கூடும். இவங்கெல்லாம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பக்கமே போகாம காப்பர்-டி மாதிரி வேற வழி பாக்கணும். ஆபத்து மொதல் வருஷத்துலதான் அதிகம், அதுலயும் மொதல் மூணு மாசம். விட்டு விட்டுச் சாப்பிட்டா ஒவ்வொரு தடவையும் புதுசா ஆரம்பிச்ச கணக்குதான்.

தள்ளிப்போடுற மாத்திரைக்கு வர்றேன். அதுல ஈஸ்ட்ரோஜன் இல்லையேன்னு டாக்டருங்களே சொல்லுவாங்க. அட்டையில இல்லதான். ஆனா நோரெதிஸ்டிரோன் உடம்புக்குள்ள போனதும் அதுல ஒரு சின்னப் பங்கு ஈஸ்ட்ரோஜனா மாறுது. நாளைக்கு 10லேர்ந்து 20 மில்லிகிராம் சாப்பிட்டா, 20லேர்ந்து 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையச் சாப்பிட்ட மாதிரி. தங்கச்சி சாப்பிட்டது அஞ்சு மில்லி மாத்திரை மூணு வேளை, நாளைக்கு 15. கருத்தடைக்கு மாலா-என் வாங்கப் போயிருந்தா நர்ஸம்மா பிரஷராவது பாத்திருப்பாங்க. இத சாக்லேட் மாதிரி கிழிச்சுக் குடுத்துட்டான்.

அஞ்சாறு நாளைக்கு, ஆபத்து ஒண்ணும் இல்லாத உடம்புக்கு, டாக்டர் கேட்டுக் குடுத்தா பெரிய பயம் இல்ல. ஆனா எதுக்காகச் சாப்பிடுறோம்? பரீட்சைக்காக, தூரப் பயணத்துக்காக ஒருத்தி சாப்பிட்டா அது அவ விருப்பம். நம்மள்ல முக்காவாசிப் பேரு தீட்டுக்காகச் சாப்பிடுறோம். தீட்டுன்னு சொல்லி நம்மளத் தெருவுல நடக்க விடாதவன் ஊர்த்தெருவுல நின்னான். அவங்கிட்டேர்ந்து அதே தீட்ட வாங்கி நம்ம வீட்டுப் பொம்பள வயித்து மேல நாம வச்சோம். அந்த மூணு வெள்ளிக்கிழமையும் தாலுகா ஆபீஸ்ல உக்காந்து ரோட்டுக்காகப் பேசுனாங்களே நம்ம தோழருங்க, அது ஞாயமான பேச்சு. நான் கொறை சொல்லல. ஆனா கரகம் எடுக்க வேண்டியவ ஒவ்வொரு நாளும் என்னத்த முழுங்குறான்னு அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா, 'தூரமானா என்னம்மா, நீ எடு கரகத்த'ன்னு ஒரு ஆளு சொல்லியிருப்பாரா? சுவத்தோரம் நிக்கிறவங்க பதில் சொல்ல வேணாம், வீட்டுக்குப் போயி யோசிங்க.

கருத்தடைக்கு நாம எதிரி கெடையாது. 1938 நவம்பர்ல பம்பாய் சட்டமன்றத்துல கருத்தடைக்கு ஆதரவா ஒரு தீர்மானம் வந்துச்சு. அம்பேத்கர் எழுதுன பேச்ச அவர் கட்சிக்காரர் ரோஹம் வாசிச்சாரு. தீர்மானம் தோத்துப் போச்சு. இங்க பெரியார் அந்தக் காலத்துலயே, நாட்டு நலத்துக்கு, குடும்ப நலத்துக்குங்கிறதெல்லாம் அப்புறம், பொம்பளையோட விடுதலைக்காகக் கருத்தடை வேணும்னு பேசுனாரு. நம்ம மாநிலத்துல 2019-21 கணக்குப்படி, கல்யாணமான பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. மாத்திரை சாப்பிடுறவங்க நூத்துக்கு ஒருத்தர்கூடத் தேற மாட்டாங்க. ஆம்பளைங்க ஆபரேஷன் கணக்க நான் சொன்னா அவங்களுக்கு வெக்கமா இருக்கும், விட்டுர்றேன்.

மாத்திரை சாப்பிடுற யாருக்காவது ஒரு காலு மட்டும் வீங்கி, சூடா, வலியா இருந்தா, இல்ல திடீர்னு மூச்சு முட்டி, மூச்சு இழுக்கிறப்ப நெஞ்சுல குத்துனா, இருமல்ல ரத்தம் வந்தா, இதுவரைக்கும் வராத தலைவலி வந்தா, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. போன ஒடனே, அவங்க கேட்டாலும் கேக்காட்டியும், 'நான் இந்த மாத்திரை சாப்பிடுறேன்'னு சொல்லுங்க. அட்டையக் கையோட எடுத்துட்டுப் போங்க. வெக்கப்படாதீங்க. புருசனுக்குத் தெரியாமச் சாப்பிடுறவங்களும் இங்க இருப்பீங்க, எனக்குத் தெரியும். நர்ஸுகிட்ட மட்டும் தனியா சொல்லுங்க.

ரெண்டு அட்டை கொண்டாந்திருக்கேன். ஒண்ணு மாலா-டி. 21 மாத்திரையில ஹார்மோன், 7 மாத்திரையில இரும்புச் சத்து. இன்னொண்ணு தள்ளிப்போடுறது. கைக்குக் கை குடுத்துப் பாருங்க. படிக்கிற புள்ளைங்க பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க. தங்கச்சி, நீ எந்திரிச்சு வா. காலக் காட்ட வேணாம்னா காட்ட வேணாம். அன்னைக்கு மெடிக்கல்ல அந்தப் பையன் உன்னை என்ன கேட்டிருக்கணும்னு மட்டும் நீ சொல்லு. நான் உக்காந்துக்கிறேன்.